முதுகெலும்புக்குள் போகும் ஊசி குறி தப்பாமல் இருப்பது எப்படி?

திருநெல்வேலிப் பக்கம் குறுக்கு வலி இல்லாத வீடு அபூர்வம். முக்கூடல், ஆலங்குளம் பகுதிகளில் மடியில் தட்டை வைத்துப் பொழுது சாயும்வரை குனிந்தே பீடி சுற்றும் பெண்கள், சேரன்மகாதேவி வயல்களில் நடவு நடுகிறவர்கள், திசையன்விளைப் பக்கம் பனையேறுகிறவர்கள், ராத்திரி பகல் பாராமல் லாரி ஓட்டுகிறவர்கள் என்று எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் அது வந்துவிடுகிறது. இவர்களில் பெரும்பாலோருக்கு ஊசியே தேவைப்படாது. சில வாரங்களில் வலி தானாகத் தணிந்துவிடும். தணியாமல், வலி பின்பக்கத்திலிருந்து தொடை, கெண்டைக்கால் என்று கீழே இறங்கி ஆளை உட்கார விடாமல் படுத்துகிறபோதுதான் டாக்டர், “படம் பார்த்து ஒரு ஊசி போட்டுப் பார்க்கலாமா?” என்று கேட்பார். அப்போது வீட்டில் எழும் முதல் கேள்வி: “நரம்புல பட்டுருச்சுன்னா?”

நியாயமான கேள்விதான். அது படாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சிசேரியனுக்கு முன்னால் மரத்துப்போவதற்காக முதுகில் போடும் ஊசி வேறு. அது பெரும்பாலும் விரலால் எலும்பைத் தடவி இடம் பார்த்துப் போடப்படுவது. தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீர் சொட்டினால் இடம் சரி என்று அங்கேயே தெரிந்துவிடும். நாம் பேசப்போவது எக்ஸ்ரே அல்லது சி.டி. திரையைப் பார்த்துக்கொண்டே, குறிப்பிட்ட ஒரு நரம்பு வேருக்கோ மூட்டுக்கோ எலும்புக்கோ கொண்டுபோகும் ஊசியைப் பற்றி. நான் பாளையங்கோட்டையில் ஆபரேஷன் தியேட்டருக்குள் சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் டெக்னீஷியன் வேலையில் இருப்பவன். ஊசி பிடிப்பது டாக்டர், படம் பிடிப்பது நான். அதனால் என் பேச்சு கொஞ்சம் படத்தின் பக்கம் சாய்ந்திருக்கும்.

சாய்ந்திருப்பதற்குக் காரணமும் உண்டு. ஊசி குறி தப்பினால் டாக்டரின் கை நடுங்கிவிட்டது என்றுதான் வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். கை நடுங்கித் தப்புவது குறைவு. படத்தைச் சரியாக நிறுத்தாமல் ஊசியை இறக்குவதும், ஒரே கோணத்தில் எடுத்த படத்தை நம்பிவிடுவதும்தான் பெரும்பாலும் காரணம்.

எவ்வளவு சின்ன இடம்?

முதுகெலும்பு என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய முள்ளெலும்புகள். நடுவில் இருக்கும் குழாய்க்குள் தண்டுவடம் போகிறது. பெரியவர்களுக்கு அது இடுப்பின் முதலாம், இரண்டாம் எலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்பு வேர்கள் மட்டும்தான். ஒவ்வொரு மட்டத்திலும் இடமும் வலமும் ஒரு துளை வழியாக ஒரு நரம்பு வெளியே வருகிறது. டிஸ்க் பிதுங்கி (ஜவ்வு விலகியிருக்கு என்று நம்மூரில் சொல்வது இதைத்தான்) அந்த நரம்பை உறுத்தினால் கால்வலி. வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தை அந்த நரம்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடுவது ஒரு வகை ஊசி. முள்ளெலும்புகளின் பின்பக்கம் உள்ள சின்ன மூட்டுகளுக்குப் போடுவது இன்னொரு வகை. காசநோயா புற்றுநோயா என்று கண்டுபிடிக்க எலும்பிலிருந்து சதைத் துணுக்கு எடுப்பது (பயாப்ஸி) மூன்றாவது. எலும்பு தேய்ந்து நசுங்கிய வயதானவர்களுக்கு உள்ளே சிமென்ட் நிரப்புவது நான்காவது. இந்தச் சிமென்ட் முறையை 1984-இல் பிரான்சின் அமியான் நகரத்தில் கலிபேர், டெராமோன் என்ற இரு மருத்துவர்கள் முதலில் செய்தார்கள்.

இந்த இடங்களின் அளவைப் பாருங்கள். இடுப்பில் நரம்பு வெளிவரும் துளையின் அகலம் சுமார் ஒரு செ.மீ. தண்டுவட உறைக்கு வெளியே, பின்பக்கம் மருந்து போகவேண்டிய இடைவெளி இடுப்புப் பகுதியில் சுமார் 5 முதல் 6 மி.மீ. சிமென்ட் ஊசி நுழைய வேண்டிய எலும்புத் தண்டுக்குப் பெடிக்கிள் என்று பெயர். நெஞ்சுப் பகுதியின் நடுவில் அது பலருக்கு 5 மி.மீ. அளவில்தான் இருக்கும், அதன் உள்பக்கச் சுவரைத் தாண்டினால் தண்டுவடம்.

தோலிலிருந்து இலக்கு 8 செ.மீ. ஆழத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஊசி நுழையும் கோணம் ஒரு டிகிரி பிசகினால் முனை 1.4 மி.மீ. விலகும். ஐந்து டிகிரி பிசகினால் 7 மி.மீ. ஐந்து டிகிரி என்பது கண்ணுக்குப் பிசகாகவே தெரியாத அளவு. உடம்பு கனமானவர்களுக்கு ஆழம் கூடும், அதே பிசகு இன்னும் பெரிதாகும். கண்ணால் பார்த்துச் சாய்வைக் குத்துமதிப்பாக வைத்துப் போட்டால் எங்கே போய் நிற்கும் என்று இதிலிருந்தே தெரியும்.

1901-இல் பாரிஸில் சிகார், கத்தலான் என்ற இருவர் தனித்தனியாக, வால் எலும்புக்கு மேலே உள்ள துளை வழியாக மருந்து செலுத்தினார்கள். அப்போது கைத் தடவல்தான் ஒரே வழி. படம் இல்லாமல் போடும் அந்த வகை ஊசிகளை, அனுபவம் உள்ளவர்கள் போட்டும்கூட, பிற்பாடு எக்ஸ்ரேயில் சரிபார்த்தபோது நாலில் ஒன்று வேறிடத்தில் நின்றிருந்ததாகப் பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. எக்ஸ்ரே 1895-லேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டாலும், படுத்திருக்கும் ஆளைச் சுற்றித் திருப்பக்கூடிய சி-ஆர்ம் வந்தது 1955-இல்தான். பெயருக்கேற்ற ‘சி’ எழுத்து வடிவம். ஒரு முனையில் எக்ஸ்ரே குழாய், மறுமுனையில் படம் வாங்கும் தட்டு, நடுவில் நோயாளி.

படம் என்பது நிழல்

எக்ஸ்ரே படத்தை உடம்பின் உள்ளே எட்டிப்பார்க்கும் ஜன்னல் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது நிழல். முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒரே தட்டில் விழுந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. திரையில் ஊசி நரம்பின் மேல் இருப்பதாகத் தெரியும். அது நரம்புக்கு நாலு செ.மீ. முன்னாலும் இருக்கலாம், பின்னாலும் இருக்கலாம். அந்த ஒரு படத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

பணகுடி தாண்டி நாகர்கோவில் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு காட்சி தெரிந்திருக்கும். வரிசையாக நிற்கும் காற்றாலைகள் தள்ளித் தள்ளித் தெரிந்துகொண்டே வரும். ஏதோ ஒரு கணத்தில் பஸ் அந்த வரிசைக்கு நேராக வரும்போது, எல்லாக் கம்பங்களும் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்து ஒரே கம்பமாக நிற்கும். அடுத்த நொடி மறுபடியும் பிரிந்துவிடும். சி-ஆர்மில் ஊசியை இறக்குவதற்கு நாங்கள் தேடுவது அந்த ஒரு கணத்தைத்தான்.

அதாவது, ஊசி எந்தப் பாதையில் போக வேண்டுமோ அந்தப் பாதைக்கு நேராக எக்ஸ்ரே கதிர் போகும்படி இயந்திரத்தைத் திருப்பி நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்திவிட்டால், இலக்கும் தோலில் ஊசி நுழையும் புள்ளியும் திரையில் ஒரே இடத்தில் விழும். அங்கே ஊசியைக் குத்தி, அதன் பின்பக்கக் கொண்டையும் முனையும் ஒன்றின்மேல் ஒன்று விழும்படி பிடித்தால், முழு ஊசியும் திரையில் ஒரு புள்ளியாகத் தெரியும். புள்ளியாகத் தெரிகிறவரை பாதை சரி. கோடாக நீண்டால் சாய்ந்துவிட்டது என்று பொருள். எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதையும் அந்தக் கோடே சொல்லிவிடும். ஐந்து டிகிரி பிசகு கண்ணுக்குத் தெரியாது என்றேன் அல்லவா, இந்தப் படத்தில் அது பளிச்சென்று தெரியும்.

இந்தக் கோணத்தை அமைக்கத்தான் நேரம் பிடிக்கும். முதலில் இயந்திரத்தைத் தலைப்பக்கமோ கால்பக்கமோ சாய்த்து, குறிவைத்த முள்ளெலும்பின் மேல்தட்டு திரையில் முட்டை வடிவமாகத் தெரியாமல் ஒரே கோடாக விழும்படி செய்ய வேண்டும். பிறகு முதுகின் நடுமுள், இரண்டு பெடிக்கிள்களுக்கும் சரி நடுவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நடுவில் இல்லையென்றால் ஆள் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார், அல்லது முதுகெலும்பே வளைந்திருக்கிறது. அது சரியான பிறகுதான் பக்கவாட்டில் 20, 30 டிகிரி திருப்புவது. அப்போது முள்ளெலும்பின் பின்பகுதி ஒரு குட்டி நாயின் வடிவத்தில் தெரியும். உலகம் முழுக்க இதை ‘ஸ்காட்டி நாய்’ என்றே சொல்கிறார்கள். நாயின் கண் இருக்கும் இடம்தான் பெடிக்கிள். நரம்பு வேர் ஊசிக்குக் குறி அந்தக் கண்ணுக்குச் சற்றுக் கீழே. புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு நான் முதலில் காட்டுவதும் இந்த நாயைத்தான். அது தெரியாத படத்தில் ஊசியை எடுக்கவே வேண்டாம்.

இன்னொன்று, படத்தின் ஓரத்தை நம்பக் கூடாது. எக்ஸ்ரே ஒரு சின்னப் புள்ளியிலிருந்து கிளம்பி விரிந்துகொண்டே வருகிறது. அதனால் படத்தின் நடுவில் விழுவதுதான் நேர் நிழல். ஓரத்தில் விழுவதெல்லாம் சாய்ந்த நிழல். இலக்கு ஓரத்தில் தெரிந்தால் டாக்டர் தன் கோணத்தை மாற்றிச் சமாளிக்கக் கூடாது. நான்தான் இயந்திரத்தை நகர்த்தி இலக்கை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போகும் படி இது.

ஆழம் சொல்லும் படம்

புள்ளியாகத் தெரியும் படத்தில் ஒரு குறை உண்டு. ஊசி 2 செ.மீ. உள்ளே போயிருந்தாலும் புள்ளி, 8 செ.மீ. போயிருந்தாலும் அதே புள்ளி. ஆழத்தைச் சொல்ல இன்னொரு கோணம் வேண்டும். அதனால்தான் இயந்திரத்தை அடிக்கடி திருப்புகிறோம். நேர்ப் படம் இடவலத்தைச் சொல்லும், பக்கவாட்டுப் படம் ஆழத்தைச் சொல்லும். இரண்டையும் சேர்த்தால்தான் ஊசி முனையின் இடம் தெரியும்.

சிமென்ட் ஊசியை எடுத்துக்கொள்வோம். பெடிக்கிளின் வெளி ஓரத்தில் தொடங்கி, உள்நோக்கிச் சாய்ந்து, முள்ளெலும்பின் உடலுக்குள் போக வேண்டும். பாதையின் பாதியில், உள்பக்கச் சுவருக்கு அப்பால் தண்டுவடக் குழாய் காத்திருக்கிறது. அந்தச் சுவரைத் தாண்டிவிட்டோமா என்று எப்படித் தெரியும்? பக்கவாட்டுப் படத்தில் முனை, முள்ளெலும்பு உடலின் பின்சுவரைக் கடக்கும் வரைக்கும், நேர்ப் படத்தில் அது பெடிக்கிள் வட்டத்தின் உள்கோட்டைத் தாண்டக் கூடாது. பின்சுவரைக் கடந்துவிட்டால் குழாய் பின்னால் போய்விட்டது; இனி உள்ளே சாய்ந்தாலும் எலும்புதான். ஒரு படத்தை மட்டும் பார்த்திருந்தால் இந்த விதியைச் சொல்லவே முடியாது. இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த தர்க்கம் இது.

பக்கவாட்டுப் படமும் உண்மையான பக்கவாட்டாக இருக்க வேண்டும். இடது, வலது பின்விளிம்புகள் ஒரே கோடாக விழ வேண்டும். இரண்டு கோடுகள் தெரிந்தால், ஆழத்தை எதை வைத்து அளப்பது?

திருப்பித் திருப்பி வருவதில் இயந்திரம் முன்பு நின்ற கோணத்துக்கு மறுபடி வராமல் போவது பெரிய தொல்லை. இதற்கு நாங்கள் செய்வது ரொம்ப எளிய வேலை: சரியான கோணம் கிடைத்ததும் தரையில் சக்கரத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டர் ஒட்டிவிடுவது, கோண அளவை ஒரு தாளில் குறித்துக்கொள்வது. அப்புறம், சொல்லில் வரும் குழப்பம். “தலைப்பக்கம் சாய்” என்று டாக்டர் சொன்னால் மேலே இருக்கும் தட்டு தலைப்பக்கம் போக வேண்டுமா, கீழே இருக்கும் குழாய் போக வேண்டுமா? இரண்டும் எதிரெதிர். எங்கள் தியேட்டரில் தட்டு போகும் திசையைத்தான் சொல்வது என்று முதலிலேயே பேசி வைத்திருக்கிறோம். ஊர் மாறி வரும் டாக்டர்களிடம் ஊசி எடுக்கும் முன்னால் இதைக் கேட்டுவிடுவேன். இயந்திரத்தின் விலை எத்தனை லட்சமாக இருந்தால் என்ன, இந்த ஒரு பேச்சு இல்லாவிட்டால் பாதி நேரம் தவறான பக்கம் திரும்புவதிலேயே போய்விடும்.

ஊசி நேராகப் போகாது

இத்தனை செய்தாலும் ஊசி தன் இஷ்டத்துக்கு வளையும். அதன் முனை சாய்வாகச் சீவப்பட்டிருக்கிறது. உள்ளே தள்ளும்போது சதை அந்தச் சீவிய முகத்தை அழுத்துவதால், ஊசி சீவிய முகத்துக்கு எதிர்ப்பக்கம் ஒதுங்கும். ஊசி மெல்லியதாக இருந்தால் ஒதுங்கலும் கூடுதல். 22 கேஜ் ஊசியின் தடிமன் சுமார் 0.7 மி.மீ., 25 கேஜ் 0.5 மி.மீ. மெல்லிய ஊசி அவ்வளவாக வலிக்காது, ஆனால் அதிகம் வளையும். தடித்தது நேராகப் போகும், ஆனால் குத்தல் கூடுதல். எந்த இடத்துக்கு எது என்பது டாக்டரின் கணக்கு.

ஒதுங்குவது தெரிந்த பிறகு அதையே ஸ்டீயரிங்காகப் பயன்படுத்துவார்கள். கொண்டையில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். சீவிய முகம் எந்தப் பக்கம் என்று அது காட்டும். வலப்பக்கம் போக வேண்டுமென்றால் சீவிய முகத்தை இடப்பக்கம் திருப்பித் தள்ளுவார்கள். சிலர் முனையைப் பத்துப் பதினைந்து டிகிரி லேசாக வளைத்தே வைத்துக்கொள்வார்கள். அப்போது திருப்பினாலே வழி மாறும்.

திருத்துவதை ஆரம்பத்திலேயே செய்துவிட வேண்டும். முதல் ஒன்றிரண்டு செ.மீ.க்குள் கோணத்தை மாற்றுவது எளிது. ஆழம் போன பிறகு சதை ஊசியை இறுகப் பிடித்துக்கொள்ளும். கொண்டையை எவ்வளவு சாய்த்தாலும் நடுவில் வளையுமே தவிர முனை அசையாது. அந்த நிலையில் நல்ல டாக்டர் ஊசியைத் தோலுக்குப் பக்கம் வரை இழுத்துவிட்டு மறுபடி தொடங்குவார். வெளியே நிற்கும் சொந்தக்காரர்களுக்கு “ரெண்டு வாட்டி குத்திட்டாங்க” என்று தோன்றலாம். எனக்கு அந்த டாக்டர்மேல் நம்பிக்கை கூடும்.

படுத்திருப்பவரும் இந்தக் கணக்கில் உண்டு. வயிற்றுக்குக் கீழே தலையணை வைப்பது சும்மா சொகுசுக்கு இல்லை. இடுப்பின் உள்வளைவு நிமிர்ந்து எலும்புகளின் இடுக்கு விரியும். இந்த ஊசிகளுக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுப்பதில்லை. தோலை மட்டும் மரக்கச் செய்வார்கள். ஆள் விழித்திருந்தால்தான் பேச முடியும். “ஆச்சி, காலுக்கு ஏதும் இழுக்குதா? அசையாம வாயால மட்டும் சொல்லுங்க” என்று கேட்போம். “பெருவிரல் வரைக்கும் சுர்ருன்னு போகுதுய்யா” என்றால் ஊசி நரம்பைத் தொட்டுவிட்டது. உடனே கொஞ்சம் இழுத்துக்கொள்ள வேண்டும். எந்தத் திரையும் தராத தகவல் அது.

மருந்துக்கு முன்னால் ஒரு சோதனை

இரண்டு படத்திலும் ஊசி சரியாக நிற்கிறது. இனி மருந்தைச் செலுத்திவிடலாமா? இன்னும் இல்லை. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், ஊசி தெரியும்; நரம்பும் ரத்தக்குழாயும் தெரியாது. முனை ஒரு சின்ன ரத்தக்குழாய்க்குள் இருந்தாலும் படம் அப்படியேதான் இருக்கும்.

அதற்குத்தான் அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் திரவம். ஒரு மி.லி. அளவில் மெதுவாகச் செலுத்திக்கொண்டே ஓடும் படத்தைப் பார்ப்பார்கள். நரம்பின் உறையை ஒட்டிக் கோடாகப் பரவினால் சரியான இடம். செலுத்தியதும் ஓடி மறைந்துவிட்டால் ரத்தக்குழாய். ஒரே குமிழாகத் தேங்கினால் சதைக்குள் நிற்கிறது. நின்ற படம் எடுத்துப் பார்த்தால் ஓடி மறைந்தது தெரியாமலே போய்விடும். ஓடும்போதே பார்க்க வேண்டும். சிரிஞ்சைப் பின்னுக்கு இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். 2000-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ரத்தக்குழாய்க்குள் இருந்த ஊசிகளில் பாதியைக்கூட அந்தச் சோதனை பிடிக்கவில்லை.

இதில் ஏன் இவ்வளவு கெடுபிடி? சில ஸ்டீராய்டு மருந்துகள் துகள்களாக இருப்பவை. தண்டுவடத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிக்குள் அவை போனால் அடைத்துவிடும். மிக அரிதாக நடப்பது, நடந்தால் திரும்பாதது. 2014 ஏப்ரலில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த வகை ஊசிகளைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது இதனால்தான். கழுத்துப் பகுதியில் துகள் இல்லாத டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு விரும்பப்படுவதும் இதற்காகவே. குறியின் துல்லியம் ஊசி முனையோடு முடிவதில்லை, மருந்து எங்கே போகிறது என்பது வரை அது நீள்கிறது.

சி.டி. எப்போது?

சி-ஆர்ம் நிழல் என்றால், சி.டி. உடம்பைத் துண்டு துண்டாக நறுக்கிக் காட்டும். எலும்புக்குள் சின்னதாக ஒரு புண், டிஸ்குக்குப் பக்கத்தில் சீழ்க்கட்டி என்றால் இதுதான் வசதி. முதுகெலும்புக் காசநோய் நம் நாட்டில் இன்னும் கணிசமாக இருப்பதால், பயாப்ஸி வேலை நிறையவே நடக்கிறது.

இங்கே முறையே வேறு. முதுகில் உலோகக் கோடுகள் உள்ள ஒரு பட்டையை ஒட்டிப் படம் எடுப்பார்கள். எந்தத் துண்டில் புண் நன்றாகத் தெரிகிறதோ, அதில் நடுக்கோட்டிலிருந்து எத்தனை செ.மீ. தள்ளிக் குத்துவது, எத்தனை டிகிரி சாய்ப்பது, எவ்வளவு ஆழம் என்று திரையிலேயே அளந்துவிடலாம். கொஞ்சம் தள்ளுவது, படம் எடுப்பது, மறுபடி தள்ளுவது என்று போகும். மூச்சை ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் பிடிக்கச் சொல்வதும் இதனால்தான். ஆழ இழுத்துப் பிடித்தபோது எடுத்த படத்தை வைத்து, விட்ட மூச்சில் ஊசி போட்டால் இலக்கு இடம் மாறியிருக்கும்.

சி.டி.யில் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. ஊசி அந்தத் துண்டுக்குச் சாய்வாகப் போயிருந்தால், படத்தில் முடிவது போலத் தெரியும் இடம் உண்மையான முனையாக இருக்காது. ஊசி அடுத்த துண்டுக்குள் தொடர்ந்து போயிருக்கும். உண்மையான முனை என்றால் அதற்கு நேர் முன்னால் ஒரு கறுப்பு நிழல் விழும். அந்த நிழல் தெரிகிறவரை பக்கத்துத் துண்டுகளைப் பார்க்க வேண்டும்.

பயாப்ஸிக்கு ஊசிக்குள் ஊசி போடும் முறை நல்லது. வெளியூசியை ஒரு முறை சரியாக நிறுத்திவிட்டால், உள்ளூசியை மட்டும் விட்டு விட்டு நாலைந்து துணுக்கு எடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் புதிதாகக் குறி பார்க்க வேண்டியதில்லை. எடுத்த பிறகும் ஒரு விஷயம்: காசநோய்ச் சந்தேகம் என்றால் துணுக்கு முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிடக் கூடாது, கிருமி செத்துவிடும், கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) வளராது. ஒரு பகுதி உப்புநீரில் தனியாக ஜீன்எக்ஸ்பர்ட் என்ற காசநோய்ச் சோதனைக்கும் கல்ச்சருக்கும் போக வேண்டும். மில்லிமீட்டர் கணக்கில் குறி பார்த்து எடுத்துவிட்டுத் தவறான பாட்டிலில் போட்டால் என்ன பயன்?

எண்ணிக்கை தப்பினால்

முழுத் துல்லியத்தோடு தவறான இடத்துக்குப் போவதும் நடக்கக்கூடியதே. சிலருக்கு இடுப்பில் ஐந்து முள்ளெலும்புக்குப் பதில் நாலு அல்லது ஆறு இருப்பதாகத் தெரியும். கடைசி எலும்பு கீழே உள்ள திரிகத்தோடு (இடுப்புக் கூட்டின் பின்பக்கத்து எலும்பு) ஒட்டியிருக்கும், அல்லது திரிகத்தின் முதல் எலும்பு பிரிந்து நிற்கும். எம்.ஆர்.ஐ. அறிக்கை எழுதியவர் மேலிருந்து எண்ணியிருப்பார், தியேட்டரில் நாங்கள் கீழிருந்து எண்ணுவோம். இருவரும் ‘நாலாவது’ என்று சொல்வது வெவ்வேறு எலும்பாக இருக்கும். அதனால் அறிக்கைத் தாள் மட்டும் போதாது, படத்தையே தியேட்டரில் மாட்டிப் பார்க்க வேண்டும். பழைய எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. படங்களைப் பரணில் போட்டுவிட்டு வெறும் ரிப்போர்ட்டோடு வருகிறவர்களிடம் நான் சலித்துக்கொள்வது இதனால்தான்.

புதுக் கருவிகள்

இப்போது வழிகாட்டும் கருவிகள் நிறைய வந்துவிட்டன. சி-ஆர்மையே நோயாளியைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்ற வைத்து சி.டி. போன்ற படம் எடுத்து, திட்டமிட்ட பாதையை நேரடிப் படத்தின்மேல் கோடாகக் காட்டும் முறை உண்டு. அகச்சிவப்புக் கேமராவால் ஊசியின் இடத்தைக் கண்காணித்து, முன்பே எடுத்த சி.டி.யின்மேல் காட்டுவது இன்னொன்று. முதுகெலும்பு அறுவைச் சிகிச்சைக்கு ரோபோ ஒன்றுக்கு அமெரிக்காவில் 2004-இலேயே அனுமதி கிடைத்தது. டாக்டர் மாட்டியிருக்கும் கண்ணாடியிலேயே எலும்பின் படம் முதுகின்மேல் மிதப்பதாகக் காட்டும் கருவிக்கு 2019 டிசம்பரில் அனுமதி வந்தது.

எல்லாவற்றுக்கும் ஒரே பலவீனம். முன்பு எடுத்த படத்தையும் இப்போது படுத்திருக்கும் உடம்பையும் பொருத்தி வைத்திருக்கிறார்கள். ஆள் கொஞ்சம் அசைந்தால் பொருத்தம் போய்விடும், ஆனால் திரையில் ஊசி அழகாகத்தான் போய்க்கொண்டிருக்கும். அதனால் இடையிடையே புதுப் படம் எடுத்துச் சரிபார்த்தே ஆக வேண்டும். திருகாணி போடும் பெரிய அறுவைகளுக்கு இவை பயனுள்ளவை. ஒரு நரம்பு வேர் ஊசிக்கு, நன்றாக நிறுத்திய சி-ஆர்ம் படமும் அவசரப்படாத டாக்டரும் போதும் என்பது என் அபிப்பிராயம். விளம்பரத்தில் கருவியின் பெயரைப் பார்த்து ஊர் விட்டு ஊர் போக வேண்டியதில்லை.

அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சே இல்லை. ஆனால் ஒலி எலும்பைத் தாண்டாது. மேலாக இருக்கும் இடங்களுக்கு, வால் எலும்புத் துளைக்கு, நன்றாக உதவும். ஆழத்துக்கு அவ்வளவாக இல்லை.

கதிர்வீச்சு என்றதும் கூடங்குளம் ஞாபகம் வருகிற மாவட்டம் நம்முடையது. அதனால் ஒரு வார்த்தை. அதிகம் படம் எடுத்தால் துல்லியம் கூடும் என்பதில்லை. படத்தின் சுற்றளவைச் சுருக்கி, தேவையான இடத்தை மட்டும் காட்டினால் சிதறும் கதிர் குறையும், படமும் தெளிவாகும். நோயாளிக்கும் எங்களுக்கும் லாபம். கூடுதல் ஆபத்து தினமும் நிற்கும் எங்களுக்குத்தான். ஈய ஏப்ரனும் மார்பில் குத்திய, வாங்கிய கதிரை அளக்கும் டி.எல்.டி. பட்டையும் அதற்கே. இந்தியாவில் எங்களுக்கான வரம்பு ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது என்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கிறது.

ஊசிக்கு வருகிறவர்கள் செய்ய வேண்டியது

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். கான்ட்ராஸ்ட் ஊசிக்கு முன்பு அலர்ஜி வந்திருந்தால் சொல்லுங்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டுக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும். அன்றைக்கு பைக் ஓட்டி வீட்டுக்குப் போகத் திட்டமிடாதீர்கள், கால் சில மணி நேரம் மரத்திருக்கலாம்.

வலி எங்கே தொடங்கி எந்த வழியாக எந்த விரல் வரை போகிறது என்பதை விரலால் கோடு போட்டுக் காட்டுங்கள். எம்.ஆர்.ஐ.யில் மூன்று இடத்தில் டிஸ்க் பிதுங்கியிருக்கும். வலி கொடுப்பது அதில் எது என்று முடிவு செய்ய அந்தக் கோடு பெரிய உதவி.

ஊசியில் ஸ்டீராய்டோடு மரக்கவைக்கும் மருந்தும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். ஸ்டீராய்டு வேலை செய்ய நாலைந்து நாள் ஆகலாம். மரப்பு மருந்து சில நிமிடங்களிலேயே தொடங்கி, சில மணி நேரத்தில் போய்விடும். அந்தச் சில மணி நேரத்தில் வலி சட்டென்று குறைந்தால், நாம் பிடித்த நரம்புதான் குற்றவாளி. படம் அத்தனையும் சரியாக இருந்தும் அப்போது வலி கொஞ்சமும் குறையவில்லையென்றால், வலி வேறெங்கிருந்தோ வருகிறது. வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து, “அன்னைக்கு எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இல்லையே” என்று மறுவாரம் சொன்னால் அந்தத் தகவல் போயிற்று. ஊசி போட்ட நேரம், ஒரு மணி நேரம் கழித்து வலி எவ்வளவு, மூன்று மணி நேரம் கழித்து எவ்வளவு, ராத்திரி படுக்கும்போது எவ்வளவு என்று பத்துக்கு இத்தனை என ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மறுமுறை வரும்போது படங்களோடு சேர்த்து எடுத்துவாருங்கள்.